நிமிடத்துக்கு நூற்று நாற்பது

பகலெல்லாம் கடலிலிருந்து உப்பைப் பிரிக்கிறேன்,
ஜுபைல் ஆலையில், நாலாம் வரிசை பம்புகள் என் பொறுப்பு.
இரவில் அதே தண்ணீரைக் குழாயில் பிடித்து
வாளியில் உப்பைக் கொட்டிக் கலக்கி
மறுபடி கடலாக்குகிறேன்,
ஒரே ஒரு மீனுக்காக.

ரொடெல் எக்ஸிட்டில் போனபோது விட்டுப் போனது.
வாங்க ஆளில்லை. கொட்டிவிட எனக்கு மனசில்லை.
மஞ்சள் டாங். உள்ளங்கை அகலம்.
வாலடியில் பேனாக்கத்தி போல
மடக்கி வைத்த முள்.

மூன்று நாளாகப் பாறைக்குப் பின்னால் நிற்கிறது.
பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டினால்
பார்க்கிறது, வரவில்லை.
கைபேசியில் நிமிடத்தை ஓடவிட்டு
செவுள் திறந்து மூடுவதை எண்ணினேன்.
நூற்று நாற்பது.
எண்பது நல்லது, நூறு தாண்டினால் பார், என்று
ரொடெல் தொட்டிமேல் ஒட்டிய தாளில் இருக்கிறது.
எதைப் பார்க்க என்று இல்லை.

விளக்கை அணைத்து
டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன்.
உப்புக்கல் போலப் புள்ளி இருந்தால் ஒரு நோய்.
பொன்தூள் போல மினுங்கினால் வேறொன்று,
அது விடியும்வரை பொறுக்காது.
இரண்டும் இல்லை.
வெயிலில் மாட்டிய காலண்டர் போல
மஞ்சள் மட்டும் கொஞ்சம் வெளுத்து.
அம்மோனியா பூஜ்யம். சூடு இருபத்தாறு. உப்பு சரி.
எல்லா எண்ணும் சரி, மீன் தப்பு.

எபனேசர் அண்ணன் ராஜாளி ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன்.
"இறகு இருக்கறதுதான்டா எனக்குத் தெரியும்" என்றார்.
பிறகு, "பத்து மணிக்கு மேல பின்வாசலுக்கு வா."

பச்சைப் புல்விரிப்பு சுற்றிய கட்டையில்
தோல் முக்காட்டோடு நாலு ராஜாளிகள்,
ஒவ்வொன்றும் ஒரு கார் விலை.
என் பிளாஸ்டிக் பை சலசலத்தது.
நாலு தலையும் ஒன்றாகத் திரும்பின,
கண் இல்லாமல்.

பதிவேட்டில் மீனுக்குக் கட்டம் கிடையாது.
சிறு பறவைகள் என்ற இடத்தில் எழுதினார்.
உரிமையாளர் பெயர் கேட்டார்,
ரொடெல் என்று சொல்லி, திருத்தி, என் பெயரைச் சொன்னேன்.
ஈரக்கையால் பிடித்து
கண்ணாடித் துண்டால் விலாவில் ஒரு இழுப்பு.
முள் விரிந்து அவர் கையுறையைக் கிழித்தது.
"கோபம் இருக்கு. நல்ல அறிகுறி."

நுண்ணோக்கியில் சளி, ஒரு காற்றுக்குமிழி,
அவருடைய இமைமயிரின் நிழல்.
"ஒண்ணும் ஓடலை. சுத்தம்."
அப்புறம் என்னதான் அண்ணே?
"ஒண்ணும் இல்லேங்கறதும் ஒரு ரிப்போர்ட்தான்."
ஒரு ராஜாளி எச்சமிட்டது.
அதற்கும் அவர் நேரம் குறித்தார்.

அறைக்கு வந்து பையைத் தொட்டியில் மிதக்கவிட்டேன்.
ரப்பர் செருப்பு வாசலில். தரையெல்லாம் ஈரம்.
காலையில் வால்வு கீறிய விரல் தண்ணீரில் பட்டதும்
சுருக்கென்று
எறும்பு.

கடலில் ஏது எறும்பு.
மறுபடி தொட்டேன். மறுபடி கடித்தது.

மீட்டரின் ஒரு முனையைத் தண்ணீரில்,
மறு முனையை எர்த்தில் வைத்தேன்.
முப்பத்தெட்டு வோல்ட்.
ஆலையில் ஒரு பம்பைத் தொடுவதற்கு முன்
பூட்டுப் போட்டு, சிவப்பு அட்டை மாட்டி,
மூன்று பேர் கையெழுத்து வாங்குகிறவன் நான்.

ஹீட்டரைப் பிடுங்கினேன், முப்பத்தெட்டு.
ஸ்கிம்மரை, முப்பத்தாறு.
அலை கிளப்பும் குட்டி பம்பை, இரண்டு.
அதன் வயரில் உப்புப் பூத்திருந்தது.
அதற்கடியில் ரொடெல் சுற்றிய கறுப்பு டேப்,
பிசின் விட்டுப்போய்.
இது தாளில் இல்லை.

இதுதானா என்று தெரியவில்லை.
எபனேசர் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன்.
"கரன்ட்டைப் பத்தி என்கிட்ட கேக்காதே" என்று வந்தது,
கூடவே ஒரு கோழிக்குஞ்சுப் படம்.

இரண்டு மணிக்கு எண்ணினேன், நூற்று இருபத்தாறு.
திரும்ப எண்ணினேன், நூற்று முப்பத்தொன்று.
ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்.
விரலைத் தண்ணீரில் வைத்தபடி
வெறுங்காலோடு நிற்கிறேன்.
எதுவும் கடிக்கவில்லை.
பாறையிலிருந்து முகம் மட்டும் வெளியே.
இன்னொரு நிமிடம் ஓடவிடுகிறேன்.